கூத்தும் வளாகமும்

1945இல் இலவசக் கல்வி வந்தது. எழுத்தறியாக் குடும்பத்துப் பிள்ளைக்கும் பல்கலைக்கழகக் கதவு திறந்தது. உள்ளே நுழைந்தவனை வரவேற்க யாரிருந்தார்?

பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களை மாணவரைக் கொண்டே மேடையேற்றினார். படித்தோர் ஒதுக்கிய ஆட்டம் அங்கே தகுதியாயிற்று. மட்டக்களப்புக் கிராமத்து மாணவன் தன் ஊர்த் தாளக்கட்டுடன் தலைநிமிர்ந்து நின்றான். கூத்தைச் சுருக்கிக் கெடுத்தார் என்போருடன் வாதாட நாம் வரவில்லை.

நமது கேள்வி வேறு. 1974இல் கைலாசபதியின் தலைமையில் திருநெல்வேலியில் எழுந்த யாழ்ப்பாண வளாகம், 1979இல் பல்கலைக்கழகமாகி, அதே வித்தியானந்தனைத் துணைவேந்தராகப் பெற்றது. இன்று அங்கே பயிலும் கூலித் தொழிலாளியின் மகள் விரிவுரை முடிந்ததும் கடைசிப் பஸ்ஸுக்கு ஓடுகிறாள் என்றால், மாலை ஒத்திகை யாருக்காக? கூத்துக்கு மேடை தந்த மரபு, அவளுக்காக ஒத்திகையை நண்பகலுக்கு மாற்றத் தயங்குவானேன்?