எந்த வருசத்துத் தைப்பிங்?

போன மாதம் தைப்பிங் கோப்பிக்கடை ஒன்றில் பசியாறிக்கொண்டிருந்தேன். எனக்கு இடைநிலைப்பள்ளியில் சரித்திரம் சொல்லித்தந்த ஆசிரியர் எதிரே வந்து உட்கார்ந்தார். ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிறது. கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். யாரோ கணினியில் வரைந்த படம். 1885இன் தைப்பிங் ரயில் நிலையம், புகை கக்கும் எஞ்சின், மூட்டை தூக்கும் ஆட்கள், பின்னால் மெக்ஸ்வெல் மலை.

"இத அப்படியே திரும்பக் கட்டணும் தம்பி. நடுவுல வந்த கண்ட கட்டடத்தையெல்லாம் இடிச்சாலும் பரவால்ல. அப்பதான் இந்த ஊருக்கு மறுபடி ஒரு மொகம் வரும்" என்றார்.

நானும் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. மலாயாவின் முதல் ரயில் பாதை தொடங்கிய அந்த நிலையம் இருந்த இடத்தில் இன்று நிற்பது கிங் எட்வர்ட் பள்ளி. 1883இல் மத்தியப் பள்ளியாகத் தொடங்கி, 1905இல் இந்த இடத்தில் புதுப் பெயரோடு நிலைகொண்ட பள்ளி. சார் படித்ததும் அங்கேதான். அவருடைய ஆசை நிறைவேற வேண்டுமானால் முதலில் இடிக்க வேண்டியது அவருடைய வகுப்பறையை.

இந்த முரணைச் சொல்லிச் சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. சாரின் ஆசை பொய்யானதல்ல. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஏறக்குறைய 13 கிலோமீட்டர் ஓடிய அந்தப் பாதை எண்பதுகளில் மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். போர்ட் வெல்டின் பெயரே கோலா செப்பத்தாங் என்று மாறிவிட்டது. அங்கே மிச்சமிருப்பது ஒரு டிக்கெட் கூண்டும் ஒரு பெயர்ப்பலகையும்தான். பலகையில் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு மொழிகள். என் அப்பா அந்த ரயிலில் மீன் வாங்கப் போனவர். பலகையைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். இழந்ததைத் திரும்பப் பார்க்க ஆசைப்படுகிறவரை யாரும் கேலி செய்யக்கூடாது.

ஆனால் ஆசை திட்டமாக மாறும்போது அதற்குக் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கனவுக்கு உலகில் பெரிய முன்னுதாரணம் பெர்லின். போரில் சேதமடைந்த பிரஷ்ய அரண்மனையை 1950இல் கிழக்கு ஜெர்மனி அரசு வெடிவைத்துத் தகர்த்தது. அதே இடத்தில் 1976இல் 'குடியரசு மாளிகை' திறந்தது. நாடாளுமன்றத்தோடு உணவகங்கள், நாடக அரங்கு, பந்து உருட்டும் கூடம் எல்லாம் இருந்த கட்டடம். ஜெர்மனி ஒன்றாவதற்குச் சற்று முன் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகச் சொல்லி அதை மூடினார்கள்; ஒன்றான பிறகு, 2006 முதல் 2008 வரை அதை இடித்தார்கள். அங்கே பழைய அரண்மனையின் முகப்பு மூன்று பக்கம் மீண்டும் எழுந்தது. உள்ளே நவீன அருங்காட்சியகம். 2020இன் இறுதியில் இணையவழியாகவும், மறு ஆண்டு பார்வையாளருக்கு நேரிலும் திறந்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டிலும் இதே கதை. 1974இல் கட்டிய பெரிய நகர அலுவலகத்தை இடித்துவிட்டு, 2018இல் 35 வீடுகள் கொண்ட 'புதிய பழைய ஊர்' திறக்கப்பட்டது. அதில் 15 வீடுகள் பழையவற்றின் மறு உருவங்கள்.

படங்களில் பார்க்க இரண்டும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் பெர்லினில் இடிபட்டது வெறும் கண்ணாடிப் பெட்டி அல்ல. அங்கே நடனமாடியவர்களும் பிள்ளையின் பிறந்தநாளைக் கொண்டாடியவர்களும் உயிரோடிருந்தார்கள். அரசனின் வீட்டில் வாழ்ந்த எவரும் உயிரோடில்லை. உயிரோடிருப்பவர்களின் நினைவை இடித்து இறந்தவர்களின் நினைவைக் கட்டினார்கள். 'அழகற்றது' என்ற ஒரு சொல்லால் ஒரு நாட்டின் 40 வருடத்தைத் துடைக்க முடிந்தது. கிழக்கு ஜெர்மனி நல்ல அரசா கெட்ட அரசா என்பது வேறு பேச்சு.

தைப்பிங்கில் 'நடுவில் வந்த கண்ட கட்டடம்' எது? அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எழுந்த கடைவரிசைகள்தாம். அழகில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேறிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு இத்தகைய கடைவரிசைகளின் மாடி அறைதான் முதல் பட்டண முகவரி. கீழே முடிதிருத்தும் கடை, பூமாலைக் கடை, வட்டிக்கடை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. என் அண்ணன் கல்யாணத்துக்கு வேட்டி வாங்கியது அப்படிப்பட்ட கடையொன்றில். 1885 அழகாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த வருசத்துத் தைப்பிங்கில் எங்கள் குடும்பத்துக்குக் கடை வைக்க இடமிருந்திருக்காது.

இன்னொரு சிக்கல், பழமையே ஓரிடத்தில் நிற்பதில்லை. நம் ஊரில் 'மலாயாவிலேயே முதல்' என்று சொல்லப் பெரிய பட்டியலே உண்டு. அந்தப் பட்டியலைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். மணிக்கூண்டு 1881இல் மரத்தால் கட்டப்பட்டது. 1890இல் அதைச் செங்கல்லில் மாற்றிக் கட்டினார்கள். அப்படியானால் இன்றைய மணிக்கூண்டும் ஒரு பழைய கட்டடத்தின் இடத்தைப் பிடித்த புதிய கட்டடம்தான். 1880இல் தீ ஊரைத் தின்ற பிறகுதான் அகலமான தெருக்களும் செங்கல் கடைகளும் வந்தன. ஏரிப்பூங்கா கைவிடப்பட்ட ஈயச் சுரங்கம். பழமைக்குத் திரும்புவதென்றால் பூங்காவைத் தோண்டி மறுபடி லம்பமாக்குவதா? லாருட் போர்களில் கீ ஹின்னும் ஹை சானும் வெட்டிக்கொண்ட குடிசை ஊரைக் கட்டுவதா? 1874இல் பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகு 'பெரும் அமைதி' என்று சீனத்தில் பெயர் சூட்டிக்கொண்ட ஊரில் எந்த வருசத்தை அசல் என்போம்?

பழமைக்குத் திரும்புகிறவர்கள் எப்போதும் ஒரு வருசத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் அது துரைமார் உச்சத்தில் இருந்த வருசமாக அமைந்துவிடுகிறது. காரணம் எளிது. புகைப்படம் எடுத்தது அவர்கள், வரைபடம் போட்டது அவர்கள், ஆவணம் வைத்திருப்பதும் அவர்கள். ஆவணம் இல்லாதவனின் குடிசையைத் திரும்பக் கட்ட முடியாது. போர்ட் வெல்ட் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படைப்பிரிவினரைக் கொண்டுவந்தார்கள். அந்த நிலையத்தை அச்சுப்பிசகாமல் திரும்பக் கட்டினாலும் அவர்கள் படுத்துறங்கிய கொட்டகை அந்தத் திட்டத்தில் வராது.

நம் நாட்டிலேயே இதன் சாயல்கள் இருக்கின்றன. மலாக்காவில் 2006இல் சுழல் கோபுரம் ஒன்றுக்காகத் தோண்டியபோது பழைய கோட்டையின் மிடில்பர்க் கொத்தளத்து அடித்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தை வேறு இடத்துக்கு மாற்றியது மெச்சத்தக்க முடிவு. ஆனால் அதன் பிறகு அடித்தளத்தின் மேல் கொத்தளத்தையே எழுப்பிவிட்டார்கள். இன்று சுற்றுலாப் பயணி படம் எடுப்பது 21ஆம் நூற்றாண்டுச் சுவரை. 1964இன் வெனிஸ் சாசனம் சொல்வது இதற்கு நேர் எதிரானது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது அது.

கெடாவில் நடந்தது இன்னும் மோசம். 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டியை மேம்பாட்டுப் பணிக்காக இடித்துத் தள்ளினார்கள். நாம் கொதித்தோம். உடனே வந்த சமாதானம், திரும்பக் கட்டிக் கொடுத்துவிடலாம் என்பது. எனக்கு அந்தப் பதில்தான் இடித்ததைவிட பயமாக இருந்தது. திரும்பக் கட்டலாம் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் காப்பாற்ற வேண்டிய அவசரம் போய்விடும். இடிப்பவனுக்கு அது முன்ஜாமீன் மாதிரி.

அப்படியானால் எதையுமே திரும்பக் கட்டக்கூடாதா? இங்கேதான் நான் தடுமாறுகிறேன். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவில் எரிக்கப்பட்டது. 97,000க்கும் மேற்பட்ட நூல்கள் போயின. ஓரளவு சீரமைத்தபின் போரில் மறுபடி சிதைந்தது. பின்னர் பழைய தோற்றத்திலேயே வெள்ளையடித்து எழுப்பியபோது, எரிந்த சுவரைச் சாட்சியாக விட்டுவைக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. வெள்ளைச் சுண்ணாம்பு குற்றத்தையும் சேர்த்தே மறைத்தது. ஆனாலும் அந்த நூலகம் எழுந்ததை என்னால் குறைசொல்ல முடியவில்லை. இழந்தவர்கள் உயிரோடிருந்தார்கள். அவர்களுக்கே அது திரும்பக் கிடைத்தது. அங்கே மறுபடி பிள்ளைகள் படிக்கிறார்கள். அதற்காக யாருடைய கூரையும் பிரிக்கப்படவில்லை.

எனவே எனக்குத் தோன்றும் உரைகல் இவ்வளவுதான். இழந்தவர் யார், கேட்பவர் யார், நாளை அதற்குள் என்ன நடக்கும், அதற்காக யார் வெளியேற வேண்டும். யாழ்ப்பாணம் இதில் தேறுகிறது. பெர்லின் தேறவில்லை. தைப்பிங் நிலையமும் தேறாது. ரயில் வராத நிலையத்தில் குளிர்பானம் விற்பார்கள், வேறென்ன நடக்கும்?

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கமுண்டிங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் சீவி எங்களை வளர்த்தவர். எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புப் பகுதி இருக்கிறது. "அந்த வீடுங்கள இடிச்சிட்டு நம்ம லயத்த திரும்பக் கட்டுனா எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டேன்.

"கட்டுனா நீ போயி இரு. ஒழுவுற கூரைக்குக் கீழ சட்டி வச்சே என் காலம் போச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அந்தப் பொதுக் கொழா இருந்த எடத்துல ஒரு கல்லாவது நட்டிருக்கலாம். அங்கதான எல்லாக் கதையும் பேசுவோம்" என்றார்.

சாரிடம் அடுத்த முறை இதைத்தான் சொல்லப் போகிறேன். பள்ளி இருக்கட்டும் சார். கடைவரிசையும் இருக்கட்டும். 1884-85இல் கட்டிய மரச் சந்தை இன்னும் நிற்கிறதே, அதில் ஒழுகும் இடத்தை ஒழுங்காகப் பார்க்கச் சொல்லி நகராண்மைக் கழகத்துக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து கடிதம் எழுதுவோம். பள்ளி வாசலில், முதல் ரயில் இங்கிருந்துதான் 1885 ஜூன் 1இல் புறப்பட்டது என்றும், பாதை போட்டவர்கள் யார் என்றும் சொல்லும் ஒரு பலகை வைக்கக் கேட்போம். போர்ட் வெல்ட் பலகை மாதிரி நான்கு மொழியில்.

சார் ஒத்துக்கொள்வாரா தெரியாது. தமிழ் வாசகத்தில் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ள மட்டும் அவர் கட்டாயம் வருவார்.