பவர்பிளேயில் விட்ட ரன்கள்: ஒரு பாட்காஸ்ட் பதிவின் அலசல்

கடைசி ஓவரில் 12 ரன் எடுக்க முடியாமல் ஓர் அணி தோற்றால், அந்த ஓவரை ஆடியவரைத்தான் எல்லோரும் திட்டுவோம். ஸ்கோர்கார்டை நிதானமாகப் பார்த்தால், பவர்பிளேயில் வீணான பந்துகள் கண்ணில் படும். சென்ற ஞாயிறன்று நான் கேட்ட ஒரு பாட்காஸ்ட் பதிவும் அப்படித்தான் தோற்றிருந்தது.

எங்கள் தெருவில் இருக்கும் இரண்டு கல்லூரி மாணவர்கள் கிரிக்கெட் பேசும் பாட்காஸ்ட் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு டைனமிக் மைக், ஒரு சின்ன மிக்சர், அதிலிருந்து யுஎஸ்பி வழியாக லேப்டாப். முதல் பதிவைக் கேட்க என்னை அழைத்தார்கள். பேச்சில் விஷயம் இருந்தது. ஒலிதான் காலை வாரிவிட்டது. ஒருவர் குரல் இடது காதில் மட்டும் கேட்டது. இன்னொருவர் சிரிக்கும்போதெல்லாம் கரகரவென்று உடைந்தது. அடியில் மின்விசிறி இரைச்சல். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் எதிரொலி.

“சார், வேற மைக் வாங்கிடலாமா?” என்றார் ஒருவர். வேண்டாம் என்றேன். வாயிலிருந்து லேப்டாப் வரை குரல் போகும் பாதையை முதலிலிருந்து பார்த்துவரச் சொன்னேன்.

முதல் சறுக்கல்: தூரம்

மைக் இரண்டும் மேஜை மேல், வாயிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர் தள்ளி நின்றன. தூரம் பாதியானால் மைக்கில் விழும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் கிடைக்கும். மின்விசிறி இருந்த இடத்திலேயே இருப்பதால் அதன் பங்கு மட்டும் கூடாது. இந்த 12 டெசிபலை எந்த விலையுயர்ந்த மைக்கும் தந்துவிடாது.

வர்ணனையாளர்களுக்கு இது பழைய பாடம். பிபிசி வானொலி வர்ணனைகளில் நெடுங்காலம் புழங்கிய கோல்ஸ் 4104 மைக்கில் மேலுதட்டில் பதித்துக்கொள்ள ஒரு பட்டை உண்டு. அரங்கமே அலறினாலும் வாய்க்கும் மைக்குக்கும் இடையே சுமார் ஐந்தரை சென்டிமீட்டர் மாறாது. நம் பையன்களுக்கு நான்கு விரல்கடை இடைவெளி போதும். ஆனால் மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டோரமாகச் சற்றே ஒதுக்கி வைக்க வேண்டும். பந்து, பேட், பவுண்டரி, பும்ரா என்று கிரிக்கெட் தமிழில் பகரம் அதிகம். நேரே வைத்தால் ஒவ்வொரு பகரமும் மைக்கில் காற்றாய் அறையும்.

திருப்புமுனை: கெய்ன்

குரல் எட்டாததால் மிக்சரில் கெய்ன் திருகை முழுக்க ஏற்றி, சத்தம் அதிகமானதும், வெளியேறும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கியிருந்தார்கள். ஆட்டம் கைநழுவியது இங்கேதான். கெய்ன் என்பது குரல் மிக்சருக்குள் நுழையும் வாசல். அங்கே உடைந்த குரலை ஃபேடரில் இறக்கினால், உடைந்த குரல்தான் மெதுவாகக் கேட்கும்.

சரியான வரிசை இது: ஃபேடரைப் பூஜ்யக் கோட்டில் வையுங்கள். சிக்ஸருக்குக் கத்துவதுபோல் உங்கள் உச்சக் குரலில் பேசுங்கள். லேப்டாப் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்வரை கெய்னை ஏற்றுங்கள். மிக்சரில் சிவப்பு விளக்கு ஒருமுறைகூட மின்னக் கூடாது.

சில்லறைப் பிழைகள்

மற்றவை ஒரு நிமிட வேலைகள். ஒற்றைக் காதில் கேட்டதற்குக் காரணம் ஒலியை இடம் வலமாக நகர்த்தும் பேன் திருகு இடதுபக்கம் திரும்பியிருந்தது. நடுவுக்குக் கொண்டுவந்ததும் சரியானது. லேப்டாப்பிலிருந்து வெளியேறிய ஒலி யுஎஸ்பி வழியே மிக்சருக்குத் திரும்பி, மறுபடியும் பதிவில் கலந்ததுதான் எதிரொலி. பதிவு மென்பொருளில், பதிவாகும் ஒலியை உடனே திருப்பி ஒலிக்கும் மானிட்டரிங்கை அணைத்ததும் நின்றது.

இவர்களுக்கு வராத இரண்டு சிக்கல்கள் உங்களுக்கு வரலாம். ‘ம்ம்ம்’ என்ற மின்சார முனகல் கேட்டால், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். அடங்கினால் எர்த் இணைப்பில் கோளாறு. மைக்கை மாற்றி மாற்றி வைத்தும் குரல் கிணற்றுக்குள்ளிருந்தே வந்தால், மைக் வலையை நகத்தால் சுரண்டுங்கள், பிறகு லேப்டாப்பைத் தட்டுங்கள். தட்டல் பெரிதாகக் கேட்டால், பதிவாவது லேப்டாப்பின் சொந்த மைக். கண்டென்சர் மைக் வைத்திருப்பவர்கள் மிக்சரில் உள்ள 48 வோல்ட் பொத்தானை மறக்க வேண்டாம். அது இல்லாமல் அந்த மைக் பேசாது.

தீர்ப்பு

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்தோம். ஒவ்வொன்றுக்கும் பிறகு 30 விநாடி பதிந்து, அந்தக் கோப்பையே ஹெட்ஃபோனில் கேட்டோம். மிக்சரில் செருகிய ஹெட்ஃபோன் மிக்சர் வரைக்கும்தான் சாட்சி. லேப்டாப்பில் என்ன விழுந்தது என்பதைக் கோப்புதான் சொல்லும். நான்கு பயிற்சியாளர்கள் ஒரே நாளில் ஒரு பவுலரின் ரன்–அப்பையும் பிடியையும் மணிக்கட்டையும் மாற்றினால், எது பலித்தது என்று யாருக்கும் தெரியாது. இங்கும் அதே கதைதான்.

முக்கால் மணி நேரத்தில் அதே மைக்கில், அதே அறையில் மறுபடி பேசினார்கள். சுழற்பந்தைப் பற்றி ஒருவர் சொன்ன கருத்தை மற்றவர் மறுக்கும்முன் இழுத்த மூச்சுகூடக் கேட்டது. அந்த மூச்சில்தான் விவாதத்தின் சூடு இருக்கிறது. முதல் பதிவில் அதை மின்விசிறி தின்றிருந்தது. புது மைக்குக்கு ஒதுக்கிய பணத்தில், மைக்கை வாய்வரை கொண்டுவரும் இரண்டு ஸ்டாண்டுகள் வாங்கச் சொல்லிவிட்டு வந்தேன்.