கிதாரும் குரலும் மட்டும்

டெக்ஸஸ்காரரான டௌன்ஸ் வான் ஸான்ட் (1944–1997) பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய குடியையும் சீரழிவையும் பேசி முடித்துவிடுகிறார்கள், பாட்டுக்கு வருவதில்லை. வாழ்க்கையின் துயரமே கலையின் தரத்துக்கு அத்தாட்சி என்கிற மூடநம்பிக்கை இது. 'லைவ் அட் தி ஓல்ட் குவார்ட்டர்' என்ற இரட்டை இசைத்தட்டு இதற்கு நேரான மறுப்பு. 1973 ஜூலையில் ஹூஸ்டன் நகரத்து மதுவிடுதி ஒன்றில் பதிவாகி 1977-ல் வெளிவந்தது. ஒரு கிதார், ஒரு குரல், கேட்பவர்களின் சலசலப்பு. வேறொன்றும் இல்லை.

இந்த இல்லாமை முக்கியம். 1968-ல் வந்த முதல் தட்டில் பக்கவாத்தியங்கள் பாட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. அதிலிருந்த சில பாட்டுகளை 1969-ல் அவரே மறுபடி பதிவு செய்தார். அந்தத் திருத்தம் ஓல்ட் குவார்ட்டரில்தான் பூர்த்தியாகிறது. 'டெகும்ஸே வேலி'யை எடுத்துக்கொள்ளலாம். சுரங்கத் தொழிலாளி மகள் ஒருத்தி வேலை தேடி வருகிறாள், தகப்பன் சாகிறான், அவள் தெருவுக்கு வந்து, பிறகு செத்தும் போகிறாள். சினிமாவுக்கான சரக்கு. ஆனால் குரல் எங்கும் தழுதழுப்பதில்லை. வேலை கிடைத்ததைச் சொன்ன தொனியிலேயே சாவையும் சொல்கிறது. துக்கப்படுகிற காரியத்தைப் பாடகன் நம்மிடமிருந்து பறித்துக்கொள்வதில்லை.

'பாஞ்ச்சோ அண்ட் லெஃப்டி'யில் இந்தக் கட்டுப்பாடு வடிவமாகவே ஆகியிருக்கிறது. கொள்ளைக்காரன் ஒருவன் மெக்ஸிகோவில் சாகிறான். கூட்டாளி வடக்கே போய், மலிவான ஓட்டலில் கிழவனாகிறான். காட்டிக்கொடுத்தானா? பாட்டு தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு தகவல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. 1983-ல் வில்லி நெல்ஸனும் மெர்ல் ஹாகர்டும் பாடி, கன்ட்ரி இசை வரிசையில் இது முதலிடத்துக்குப் போயிற்று. அங்கே இரண்டு நட்சத்திரங்கள் கேட்கிறார்கள். இங்கே அந்த மௌனம் கேட்கிறது.

குறைகள் உண்டு. சில காதல் பாட்டுகளின் படிமங்கள் தேய்ந்தவை. 'டு லிவ் இஸ் டு ஃப்ளை' உபதேசத்தின் விளிம்பில் நிற்கிறது. ஆனால் 'வெயிட்டிங் அரவுண்ட் டு டை' போன்ற இருண்ட பாட்டு உள்ள தட்டிலேயே மலிவு ஒயினைப் பற்றிய கேலிப் பாட்டும் இருக்கிறது. லைட்னின் ஹாப்கின்ஸ், போ டிட்லி ஆகியோரின் பாட்டுகளும் இடையே வருகின்றன. சிரிக்கவும், பிறர் பாட்டைப் பாடவும் தெரிந்தவனின் இருட்டு இது. சுயபச்சாதாபம் என்று ஒதுக்கிவிட முடியாது.

சொல்லாமல் விடுவதைப் பற்றிக் கவிதையில் நிறையப் பேசியிருக்கிறோம். எவ்வளவு சொன்ன பிறகு விடுவது என்பதை இந்தத் தட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.