ஹாஸ்கெல் பட்டியலில் களையெடுப்பவர்கள்

1990-இல் ஆய்வாளர் குழு ஒன்று வெளியிட்ட ஹாஸ்கெல் நிரல்மொழியைப் பல்கலைக்கழகப் பொம்மை என்று ஒதுக்குவோர் இன்றும் உண்டு. அவர்களுக்கான பதிலை, அம்மொழியின் விக்கியில் தொழில்துறைப் பயன்பாடுகளுக்கென இருக்கும் பக்கத்தில் பயனர்களே எழுதிச் சேர்த்து வருகிறார்கள். ஃபேஸ்புக், தன் குப்பைச்செய்தித் தடுப்பான சிக்மாவை 2015-இல் ஹாஸ்கெலுக்கு மாற்றி, நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான கோரிக்கைகளைக் கையாண்டது. இப்படியொரு தகவலுக்கு முன் பொம்மை வாதம் நிற்காது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி வைத்திருப்பதோ மியூ என்னும் சொந்தக் கிளைமொழி. அதை ஹாஸ்கெல் கணக்கில் எழுதும்போது அந்த வேறுபாட்டையும் குறிப்பவரே நல்ல பராமரிப்பாளர்.

நிறுவனங்கள் தம்பட்டம் அடிக்கும் இடம்தானே என்று கேட்கலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் விக்கியில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாகிறது. மிகையை இன்னொருவர் வெட்டிவிடலாம். பொய்யைவிடப் பழமைதான் பெரிய தொல்லை. சேரும்போது ஆர்வமாக எழுதும் நிறுவனம், மொழியைக் கைவிடும்போது வந்து சொல்வதில்லை. செத்த இணைப்புகளை நீக்கி, விவரங்களுக்கு ஆண்டு குறிக்கும் வேலைக்குப் பாராட்டும் கிடைப்பதில்லை. பட்டியல் சுருங்கினால் மொழிக்கு இழுக்கு என்ற அச்சம் (ரசிகர்களுக்கே உரியது!) புரிகிறது. ஆனாலும் விலகியவர்களுக்கும் காரணத்தோடு ஓரிடம் ஒதுக்கினால், மேலாளரிடம் இம்மொழியைப் பரிந்துரைக்கப் போகும் பொறியாளருக்கு அதுவே கூடுதலாக உதவும்.