புள்ளியும் படித்திறனும்

நேர்கோட்டின் சமன்பாட்டைக் கற்பிக்கும் பாடநூல்கள் பலவும் படித்திறன் – வெட்டுத்துண்டு வடிவத்தை முன்னிறுத்தி, புள்ளி – படித்திறன் வடிவத்தைப் பின்வருஞ் சூத்திரங்களுள் ஒன்றாகவே வைக்கின்றன. இம் முறைவைப்பு ஆராயத்தக்கது.

நமுனுகுல மலையை நோக்கியிருக்கும் பதுளையைப் புகையிரதப் பாதை 1924இல் வந்தடைந்தது. மலைநாட்டுப் பாதையின் பெருஞ்சரிவு 44க்கு 1 என்பர். பதுளையை அண்டிய ஒரு துண்டு இச் சரிவில் இறங்குவதாகக் கொள்க. கொழும்பிலிருந்து தூரத்தை அளந்து வெட்டுத்துண்டு காண முயன்றால், ஏறக்குறைய 290 கிலோமீற்றர் பின்னோக்கி நீட்டப்பட்ட அக்கோடு, கொழும்பு நகருக்கு மேலே ஆறரைக் கிலோமீற்றரினும் உயர்ந்த வெளியிற் சென்று நிற்கும். கணக்குப் பிழையன்று, ஆயின் அவ்வெண்ணாற் பாதை அமைப்போன் அறிவது யாது? அவன் கையிலுள்ளவை உயரம் அறிந்த ஓரிடமும் சரிவுமே.

அவ்விரண்டும் போதும் என்பதே புள்ளி – படித்திறன் வடிவத்தின் பொருள்: உயர வித்தியாசம் = படித்திறன் × கிடைத்தூர வித்தியாசம். அறிந்த இடத்திலிருந்து கிடையாக 440 மீற்றர் சென்றால் 10 மீற்றர் இறக்கம். இது படித்திறனின் வரைவிலக்கணமே. மனனஞ் செய்தற்குரிய புதுச் சூத்திரம் அன்று. வகுத்தல் உருவில் எழுதினால், தரப்பட்ட புள்ளியிற் பூச்சியத்தால் வகுக்க நேரும். பெருக்கல் உருவே அப்புள்ளியையும் ஏற்கும். இந் நுட்பத்தை விளக்காது விடுதல் குறையே.

நிலைக்குத்துக் கோட்டிற்குப் படித்திறன் இன்மையால் இவ்வடிவம் ஆங்குப் பொருந்தாது. அக்குறை மற்றையதற்கும் உண்டு. ஆதலின் இதனை முதலிற் கற்பித்து, புள்ளி நிலைக்குத்தச்சில் அமையுங்காற் பெறப்படுஞ் சிறப்பு வகையாக வெட்டுத்துண்டு வடிவத்தைக் காட்டுதலே முறையாகும்.