அரக்குத் தட்டில் தோடி

பழைய இசைத்தட்டை உறையிலிருந்து எடுக்கும்போது விளிம்பை மட்டும்தான் பிடிக்க வேண்டும். அரக்கு கலந்து அச்சிட்ட தட்டு. கை தவறினால் ஓடு மாதிரி உடையும். நிமிடத்துக்கு 78 சுற்று, பத்து அங்குலத் தட்டென்றால் பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். நாகஸ்வரத்தில் மணிக்கணக்கில் தோடி ராகம் வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இசைத்தட்டின் சில நிமிடங்களுக்குள் அதை அடக்கினார். அடக்கினார் என்பதுகூடச் சரியில்லை. முதல் பிடியிலேயே தோடி முழுசாக வந்து நின்றுவிடுகிறது. முள் இறங்கியதும் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஓர் இரைச்சல், அதைக் கிழித்துக்கொண்டு நாகஸ்வரம். இத்தகைய தட்டுகளைக் கணினியில் ஏற்றும் நல்ல காப்பகங்கள், இரைச்சலை வடிகட்டாத பிரதி ஒன்றையும் பத்திரப்படுத்துகின்றன. அந்தப் பிரதிதான் எனக்குப் பொக்கிஷம். அளவுக்கு மீறி வடிகட்டினால் நாகஸ்வரச் சீவாளியின் கார்வையும் கூடவே போய்விடும்.