கூட்டித் திருத்தலாம், குறைத்துத் திருத்த முடியாது

மலேசியாவில் தனிநபர்களுக்குச் சுயமதிப்பீட்டு முறை 2004-இல் வந்தது. அன்று முதல் வரியைக் கணக்கிட்டுச் சொல்லும் பொறுப்பு நம் தலையில். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் பூக்கடையோ புடவைக்கடையோ நடத்துகிறவர் ஜூன் 30-க்குள் பாரம் பி அனுப்பியாக வேண்டும். கணக்கில் தப்பு நேர்ந்தால் திருத்தலாம். எந்தப் பக்கமாகத் திருத்தலாம் என்பதில்தான் வில்லங்கம்.

வரியைக் கூட்டித் திருத்துவது சுலபம். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 77பி பிரிவு, கெடு முடிந்த ஆறு மாதத்துக்குள் ஒரே ஒரு முறை திருத்திய கணக்கை ஏற்கிறது. விடுபட்ட வருமானத்தால் 1,000 வெள்ளி வரி கூடினால், முதல் 60 நாளுக்குள் அதோடு 100 வெள்ளி கட்டவேண்டும். தணிக்கையில் அகப்பட்டால் விட்டுப்போன வரியின் அளவுக்கே அபராதம் போடச் சட்டத்தில் இடமுண்டு. தானாக முன்வருகிறவரை இந்தப் பிரிவு கௌரவமாக நடத்துகிறது. இதை மனதாரப் பாராட்டலாம்.

அதே பிரிவைக் கொண்டு வரியைக் குறைக்க முடியாது. இந்தியாவில் கெடுவுக்குள் தரும் திருத்திய கணக்கில் வரி குறையவும் செய்யலாம். இங்கே 131-ஆம் பிரிவின்படி தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஐந்தாண்டு அவகாசம் தாராளமானதுதான். ஆனால் அதன் நான்காம் உட்பிரிவு, வருமான வரி வாரியத்தின் அன்றைய பொது நடைமுறைப்படி கணக்குக் கொடுத்திருந்தால் நிவாரணம் இல்லை என்கிறது.

இதன் கனத்தை ஒரு வழக்கு காட்டுகிறது. வணிகச் சரக்காக வைத்திருந்த நிலத்தை அரசு கையகப்படுத்தினால், அதற்கான இழப்பீடும் வணிக வருமானமே என்றது 4சி பிரிவு. விராமுடா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2023-இல் அந்தப் பிரிவையே செல்லாததாக்கியது. போதிய இழப்பீடின்றிச் சொத்தைக் கட்டாயமாக எடுக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 13(2)-க்கு அது முரண் என்பது தீர்ப்பு. வழக்காடிய நிறுவனம் வென்றது. சட்டத்தில் இருக்கிறதே என்று மறுபேச்சில்லாமல் கட்டியவர் 131-ஐ நாடினால், "அன்றைய நடைமுறைப்படிதானே கொடுத்தீர்கள்?" என்ற கேள்வியை எதிர்கொள்ள நேரும்.

ஒவ்வொரு தீர்ப்புக்கும் பழைய கணக்குகளைக் கிளறினால் கருவூலம் தாங்காது என்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. அதற்குத்தான் ஐந்தாண்டு வரம்பு இருக்கிறதே. அதற்குமேல் இந்த உட்பிரிவு, சொன்னபடி கேட்டவரைத் தேடிப்பிடித்துத் தண்டிக்கிறது.

தப்பிக்க ஒரு சந்து உண்டு. வாரியத்தின் விளக்கப்படியே கணக்கைக் கொடுத்துவிட்டு, அதில் உடன்பாடில்லை என்று 30 நாளுக்குள் பாரம் கியூ வழியாக 99-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். வரியை முதலில் கட்டிவிட வேண்டும், வழக்கு பிறகு. பெரிய நிறுவனத்துக்கு இதைச் சொல்ல வழக்கறிஞர் இருக்கிறார். இடத்தைக் காலி செய்ததற்கு உரிமையாளர் கொடுத்த தொகை வருமானமா முதலா என்று குழம்பும் கடைக்காரருக்கு யார் சொல்வது? சொன்னாலும் சான்று வேண்டும். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. கல்லாப் பெட்டிக்குள் கிடக்கும் வெப்பத்தாள் ரசீதோ ஓரிரு ஆண்டில் வெளுத்துவிடுகிறது. தீர்ப்பு சாதகமாக வரும் நாளில் காட்ட அவரிடம் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

நீதிமன்றம் ஒரு வரியைச் செல்லாது என்று அறிவித்துவிட்டால், 131(4) அங்கே பொருந்தாது என்று நாடாளுமன்றம் ஒரே வரியில் திருத்தலாம். அதுவரை இ-ஃபைலிங் ஒப்புகைச் சீட்டிலேயே அந்த 30 நாள் உரிமையைத் தமிழிலும் அச்சிடட்டும்.